கடற்கரையில் குப்பை பொறுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஊரூர் ஆல்காட் குப்பத்தை ஒட்டிய மணலில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சிலர் கூடுகிறோம். ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். ஒவ்வொரு முறையும் அதே இடம்தான். புதிதாக வருகிறவர்கள் கையுறை மாட்டிக்கொண்டே கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்ல அந்த நேரத்தில் முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று பொறுக்கினால் அடுத்த வாரம் மறுபடி சேர்ந்துவிடும். அப்புறம் எதற்கு இந்த வேலை?

சேர்ந்துவிடும், உண்மைதான். இரண்டு காரணங்களுக்காகத் தொடர்ந்து செய்கிறோம்.

முதல் காரணம் வெயில். மணலில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் வெயிலிலும் உப்பிலும் சில மாதங்கள் காய்ந்தால் மொரமொரப்பாகிவிடும். அதன்பின் தொட்டாலே நொறுங்கும். இன்று இரண்டு விரலால் எடுத்துவிடக் கூடிய ஒரு கவர், அடுத்த வருடம் மணலோடு கலந்த துகள்களாகிவிடும். அதை யாராலும் பொறுக்க முடியாது. மீன் தின்னும், நண்டு தின்னும். ஆகவே இன்று எடுத்த கவர் எடுத்ததுதான். நாளைக்கு வேறு கவர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரண்டாவது காரணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரே இடத்துக்கு மாதாமாதம் வந்தால் அந்த இடம் பழகிப்போகிறது. எந்த மாதத்தில் எது ஒதுங்குகிறது, ஆற்றின் வாய் எப்போது மூடுகிறது, மணல் எங்கே ஏறியிருக்கிறது, எங்கே சரிந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. நகரத்தில் இருக்கிற நம்மில் பலருக்குக் கடல் என்பது சாயங்காலக் காற்று வாங்குகிற இடம், அவ்வளவுதான். அதன் நடமாட்டம் தெரிந்தவர்கள் மீனவர்கள் மட்டும்தான். இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. வருடத்துக்கு ஒருமுறை பத்து கடற்கரைக்குப் போகிறவரைவிட, ஒரே கடற்கரைக்குப் பத்து முறை வருகிறவரைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

இந்தக் குப்பையெல்லாம் பீச்சுக்கு வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போனதா?

ஒரு பகுதி அப்படித்தான். பேப்பர் கப், ஸ்ட்ரா, சிப்ஸ் பாக்கெட், சிகரெட் துண்டு, உடைந்த மது பாட்டில். காணும் பொங்கல் மறுநாள் மெரினாவையும் எலியட்ஸ் கடற்கரையையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா, அதை ஒட்டியே விநாயகர் சிலைக் கரைப்பு என்று அந்த ஒரு மாதம் தனி வகைக் குப்பை வரும்.

ஆனால் தண்ணீர் ஓரமாக நடந்து பாருங்கள். பல் தேய்க்கும் பிரஷ், மாத்திரை அட்டை, ஷாம்பு சாஷே, ஒற்றைச் செருப்பு, குழந்தையின் டயப்பர், கை இல்லாத பொம்மை. பல் தேய்க்கும் பிரஷை யாரும் பீச்சுக்கு எடுத்து வருவதில்லை. அது ஆற்றில் வந்தது.

சென்னையில் அடையாறு, கூவம் இரண்டின் முகத்துவாரமும் வருடத்தில் பல மாதங்கள் மணல் திட்டு சேர்ந்து குறுகிக் கிடக்கும். மணப்பாக்கத்திலோ சைதாப்பேட்டையிலோ கோட்டூர்புரத்திலோ ஆற்றோரம் கொட்டியது, பக்கிங்காம் கால்வாயில் விழுந்தது, தெருவோர மழைநீர் வடிகாலில் தள்ளிவிட்டது எல்லாம் அங்கங்கே தேங்கி நிற்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்ததும் வெள்ளம் மணல் திட்டை உடைத்துக்கொண்டு இறங்கும். எட்டு ஒன்பது மாதக் குப்பை சில நாட்களில் கடலுக்குள் போய்விடும். அந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே போகும் என்பதால், முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் மணலில் அதில் ஒரு பங்கு வந்து ஒதுங்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஓட்டம் திரும்பிவிடும்.

அதனால்தான் வருகிறவர்களிடம் அவர்கள் வீடு எந்தப் பகுதி என்று கேட்பேன். போரூர் என்றாலும் தாம்பரம் என்றாலும் அந்தத் தெருத் தண்ணீர் கடைசியில் எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது என்று சேர்ந்து யோசிப்போம். அவரவர் தெருவுக்கும் இந்த மணலுக்கும் தொடர்பு இருப்பது அப்போதுதான் புரியும்.

குப்பை பொறுக்குவதற்கும் காலநிலை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேட்க வேண்டிய கேள்வி. மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். நாம் பொறுக்கும் பிளாஸ்டிக்கால் கடல் மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையப் போவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிளாஸ்டிக்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அன்று கொட்டிய மழையும், ஏரிகளிலிருந்து திறந்துவிட்ட நீரும், நீர்வழிகளை அடைத்துக் கட்டிய கட்டடங்களும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

ஆனால் தொடர்பு இருக்கிறது. உலக அளவில் 1901-க்கும் 2018-க்கும் இடையே கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகம் பிடித்திருக்கிறது. சென்னை தட்டையான ஊர். கடல் சற்று உயர்ந்து நின்றாலே ஆற்றுத் தண்ணீர் வடிய இடமில்லாமல் திணறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்குப் பக்கத்தில் மெல்ல நகர்ந்தபோது ஊரே இதைப் பார்த்தது. மேலே கனமழை, கீழே கொந்தளிக்கும் கடல், நடுவில் வடியாத தெருக்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வடிகால் சல்லடையில் ஒட்டிய நான்கு பிளாஸ்டிக் பைகள் ஒரு தெருவில் அரை அடி தண்ணீரைக் கூடுதலாகத் தேக்கி வைக்கும். ஊரை மூழ்கடிப்பது அதுவல்ல. ஆனால் அந்தத் தெருவில் தரைத்தளத்தில் இருக்கிற குடும்பத்துக்கு அந்த அரை அடிதான் வெள்ளம்.

அடுத்து, கரையைக் காக்கும் உயிர்கள். அடும்புக் கொடியைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டின் குளம்பு மாதிரிப் பிளந்த இலை, ஊதாப் பூ. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தில் படர்ந்து கிடப்பது இதே கொடிதான். அதோடு ராவணன் மீசை என்கிற முள் புல். இவை இரண்டும்தான் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தி மேடாக்குகின்றன. மணல்மேடு இருந்தால் புயல் அலை அதில் மோதி வலுவிழக்கும், கொஞ்சம் மணலை எடுத்துக்கொண்டு திரும்பும், பிறகு அமைதியான மாதங்களில் அந்த மணல் திரும்பி வரும். மேடு இல்லாவிட்டால் அலை நேரே குப்பத்து வீட்டு வாசலுக்கு வரும்.

முகத்துவாரச் சேற்றில் அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. அடையாற்றில் கொஞ்சம், எண்ணூர்க் கழிமுகத்தில் இன்னும் அதிகம். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் மரம் இந்த வேர்கள் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட் வந்து போர்த்திக்கொண்டால் வேர் திணறும். இளங்கன்றாக இருந்தால் செத்தே போகும். அலையாத்திக்குள் சிக்கிய பிளாஸ்டிக்கை எடுப்பதுதான் நாங்கள் செய்கிற வேலைகளிலேயே மெதுவானது. பலன் நேராகக் கண்ணுக்குத் தெரிவதும் அதுதான்.

கடைசியாக ஒன்று. 2015 வெள்ளத்தில் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டவர்கள் மீனவர்கள். அரசுப் படகு வருவதற்கு முன்பே பல இடங்களில் அவர்கள் வந்துவிட்டார்கள். மாதாமாதம் சந்தித்துப் பேசிப் பழகிய முகங்களும் கைபேசி எண்களும் இருந்தால் அடுத்த வெள்ளத்தில் யாரிடம் போவது என்று தேட வேண்டியதில்லை.

மெரினா இவ்வளவு அகலமாக இருக்கிறதே. கடல் அரிக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மெரினா அகலமாக இருப்பதும் வடசென்னை அரிபடுவதும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

நம் கரையில் அலை மணலை ஓரமாகவே தள்ளிக்கொண்டு போகும். வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் தடுக்கி அதன் தென்பக்கம் சேர்ந்தது. இன்று நாம் நடந்தே களைத்துப்போகும் மெரினா மணல் பெருமளவு அப்படிச் சேர்ந்ததுதான். சுவருக்கு வடக்கே இருந்த ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் புது மணல் வரத்து நின்றுபோனது. அலை இருக்கிற மணலை எடுத்துக்கொண்டு போனதே தவிர ஈடு செய்ய எதுவும் வரவில்லை. தெருத் தெருவாகக் கடலுக்குள் போனது. பிறகு பாறாங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அடுத்த குப்பம் அரிபட ஆரம்பித்தது.

தெற்கேயும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் கடலோர வீடுகள் இடிந்து விழுந்திருக்கின்றன. இந்தியாவின் பிரதான நிலப்பகுதிக் கடற்கரையை 1990 முதல் 2018 வரை அளந்து பார்த்த தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், மூன்றில் ஒரு பங்கு கரை அரிபட்டு வருவதாகச் சொல்கிறது. அந்த மையம் இருப்பது நம் பள்ளிக்கரணையில்தான்.

கல் கொட்டுவதைப் பற்றி நான் வருத்தத்தோடு சொல்கிறேன். ஒரு குப்பத்தின் வீடு விழும்போது கல் கொட்டாதே என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மணல் இன்னும் மிச்சமிருக்கும் இடங்களில் மணல்மேட்டையும் கொடியையும் காப்பாற்றி வைத்தால் அந்த நிலைமை வருவதைத் தள்ளிப்போடலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

என்னென்ன கொண்டு வர வேண்டும்?

காலை 6 மணிக்கு வந்துவிடுங்கள், எட்டரைக்கு முடித்துவிடுவோம். மூடிய செருப்பு அல்லது ஷூ, தொப்பி, உங்கள் பாட்டிலில் தண்ணீர். கையுறை ரப்பரில் இருக்கட்டும். துணிக் கையுறையைக் கண்ணாடிச் சில்லு கிழித்துவிடும். பழைய அரிசிச் சாக்கு இருந்தால் கொண்டு வாருங்கள். குப்பை பொறுக்கப் புதுப் பிளாஸ்டிக் பை வாங்குவதில்லை.

எதையெல்லாம் தொடக் கூடாது?

ஊசி, மருந்துச் சீசா, மூடிய டப்பாவில் இருக்கும் எந்தத் திரவமும். பார்த்தால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். இடுக்கியும் கடினமான டப்பாவும் எங்களிடம் இருக்கும்.

சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீன், நீல நிறத்தில் பலூன் மாதிரியோ சின்னப் பூச்சி மாதிரியோ ஒதுங்கிக் கிடப்பவை. அழகாக இருக்கும், செத்த பிறகும் கொட்டும். புயலுக்குப் பிறகு இவை அதிகம் வரும்.

கறுப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெய்க் கட்டி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. தொழிலாளர்கள், மீனவர்கள், மாணவர்கள் எல்லோரும் பக்கெட்டால் அள்ளினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பலர் நெகிழ்ந்துபோனார்கள். எனக்கு அதைப் பார்த்தால் இன்றும் பதறும். சரியான கையுறையும் முகமூடியும் இல்லாமல் கப்பல் எண்ணெயை அள்ளுவது தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் முதலில் இறங்கி அள்ளியவர்கள் அங்கே மீன் பிடிக்கிறவர்கள்தான். வலையும் படகும் போனது, உடம்பும் கெட்டது. ஆகவே எங்கள் விதி இதுதான்: எண்ணெய் ஒதுங்கினால் தன்னார்வலர் யாரும் இறங்கக் கூடாது. தகவல் சொல்வோம், படம் எடுத்து வைப்போம், குப்பத்து மக்களுக்கு வேண்டியதைச் சேகரித்துக் கொடுப்போம். அள்ளும் வேலை பயிற்சியும் கருவியும் உள்ளவர்களுடையது. அதைக் கேட்டு வாங்குவதும் நம் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

கடற்பாசி, சிப்பி, காய்ந்த சருகு? மணல் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

வேண்டாம். அது குப்பை இல்லை. அலை ஒதுக்கிய பாசிக்கும் சருகுக்கும் அடியில் பூச்சியும் சிறு நண்டும் வாழ்கின்றன. அவற்றைத் தேடித்தான் கரைப்பறவைகள் வருகின்றன. காற்றில் வரும் மணல் அந்தச் சருகில் தடுக்கித்தான் மேடு உருவாக ஆரம்பிக்கிறது. எல்லாவற்றையும் வழித்தெடுத்துத் தரை மாதிரி சமப்படுத்திய மணல் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். முதல் புயலில் அது கரைந்துவிடும். அடும்புக் கொடிக்குள் சிக்கிய கவரை எடுக்கும்போது கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். கத்தரிக்கோலால் கவரை வெட்டி எடுங்கள், கொடி இருக்கட்டும்.

பொறுக்கியதை எண்ணி எழுதச் சொல்கிறீர்களே, அது எதற்கு? நேரம்தானே வீண்?

எண்ணாமல் பொறுக்கினால் பாதி வேலைதான் முடிந்தது என்பேன்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரைத் தூய்மை நாள் நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் தொடங்கியது. அவர்கள் முதல் நாளிலிருந்தே பொறுக்கியதை வகை வாரியாக ஓர் அட்டையில் எழுதி வைக்கச் சொன்னார்கள். அந்த இயக்கம் இத்தனை வருடம் நின்றதற்கு அந்த அட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன். "கடற்கரை அசிங்கமாக இருக்கிறது" என்று போய்ச் சொன்னால் எந்த அதிகாரியும் தலையாட்டுவார். இன்ன பொருள், இன்ன மாதத்தில், இத்தனை என்று தாளை நீட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

ஒரு உதாரணம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒரு தடைப் பட்டியல் இருக்கிறது. தடை செய்த ஸ்ட்ராவும் கப்பும் இன்னும் மணலில் கிடக்கின்றன என்பதை எங்கள் தாள் காட்டுகிறது. ஷாம்பு சாஷே மத்திய அரசின் பட்டியலில் இல்லவே இல்லை என்பதையும் அதே தாள் நினைவுபடுத்துகிறது. முதலாவது, சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்களிடம் கேட்க வேண்டியது. இரண்டாவது, தயாரிக்கிற கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டால் யாரிடம் எதைக் கேட்பது?

மது பாட்டிலையும் தனியாக எண்ணுகிறோம். நீலகிரியில் 2022-இல் ஒரு ஏற்பாடு வந்தது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கிடைக்கும். பாட்டிலுக்கு விலை இருந்தால் அது மணலில் உடையாது. யானையின் காலைக் காப்பாற்ற மலையில் வந்த யோசனை, வலை இழுக்கும் மீனவரின் காலையும் காப்பாற்றும்.

பொறுக்கிய குப்பை எங்கே போகிறது?

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. கலந்து கட்டினால் அது போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர் அல்லது பெருங்குடி. பெருங்குடிக் குப்பைமேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022-இல் ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், பெற்ற சதுப்பு நிலம், தென்சென்னையின் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் பஞ்சு. கடலிலிருந்து எடுத்துச் சதுப்பில் போடுவதற்கா இவ்வளவு பாடு?

அதனால் மணலிலேயே பிரித்துவிடுகிறோம். தண்ணீர் பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் காயலான் கடைக்குப் போகும். உப்பும் மணலும் ஏறிய கவர்களை யாரும் வாங்க மாட்டார்கள். அவற்றை உதறி, உலர்த்தி, தனிச் சாக்கில் கட்டி மாநகராட்சி வண்டியில் கொடுக்கிறோம். சாஷே, சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்குப் பிளாஸ்டிக்குக்கு நல்ல வழி எதுவும் இல்லை. அதிகபட்சம் சிமென்ட் ஆலையில் எரிபொருளாகும். அதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலைதானே?

ஆமாம். செய்துகொண்டும் இருக்கிறார்கள். நாம் வருவதற்கு முன்பே தூய்மைப் பணியாளர்கள் ஒரு சுற்று முடித்திருப்பார்கள். நாம் மாதத்தில் இரண்டரை மணி நேரம் செய்வதை அந்த அம்மாக்கள் தினமும் செய்கிறார்கள், கைதட்டல் இல்லாமல். அவர்களுக்கு மாற்றாக நாம் வரவில்லை. வண்டி போக முடியாத முகத்துவாரச் சேறு, பாறை இடுக்கு, கொடிப்படுகை ஆகிய இடங்களைத்தான் எடுத்துக்கொள்கிறோம். சாக்குகளைக் குவித்துவிட்டுப் போய் அவர்கள் வேலையைக் கூட்டுவதும் இல்லை. எதையாவது பார்த்துப் புகார் சொல்ல வேண்டுமென்றால் 1913.

எங்கள் அலுவலகத்திலிருந்து 200 பேர் ஒரு நாள் வரலாமா?

வேண்டாம் என்று சொல்லவே விரும்புகிறேன். ஒருமுறை ஒரு பெரிய குழுவுக்குச் சம்மதித்தோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர், தெர்மாகோல் தட்டில் டிபன், கம்பத்தில் ஃபிளெக்ஸ். அவர்கள் மனசு நல்ல மனசுதான், ஆனால் 400 கால்கள் கொடிப்படுகையை மிதித்த தடம் பல வாரம் இருந்தது. உங்களில் 10 பேர் ஒரு வருடம் தொடர்ந்து வருவதாக இருந்தால் கை கூப்பி வரவேற்கிறோம். சான்றிதழ் தருவதில்லை.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக, பெற்றோர் கூட இருக்க வேண்டும். எண்ணி எழுதும் வேலை அவர்களுடையது. பெரியவர்களைவிட நேர்மையாக எண்ணுவார்கள். யாராக இருந்தாலும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம்.

மீனவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? வலைக் குப்பையும் நிறைய கிடக்கிறதே?

வலைத்துண்டு, தங்கூசி நரம்பு, ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் எல்லாம் கிடக்கும். எடுப்பதற்கு முன் கேளுங்கள். நமக்குக் கந்தல் மாதிரித் தெரிவது அவர்கள் தைப்பதற்காகக் காயப்போட்ட வலையாக இருக்கலாம். ஆரம்ப நாட்களில் நாங்களே அப்படி ஒன்றைச் சாக்கில் திணித்துவிட்டு, பிறகு தேடி எடுத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம்.

குப்பத்துப் பெரியவர்கள் எங்களிடம் சொன்னதைச் சொல்கிறேன். வலை வீசினால் மீனைவிடக் கவர்தான் அதிகம் ஏறுகிறது, அதை உதறுவதற்கே அரை நாள் போகிறது. ஊரெல்லாம் ஆற்றில் போட்டதை அவர்கள் வலை சுமக்கிறது. வலைக் கழிவு அவர்கள் பக்கத்துத் தவறு என்றால், அதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கிழிந்த வலையைக் கொடுக்க ஓர் இடமும் அதற்கு ஒரு விலையும் இருந்தால் யார் கடலில் போடப் போகிறார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குப்பத்துக்குள் நடக்கும்போது படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். அது அவர்களுடைய வாசல்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வேறு விதிகள் இருக்கிறதாமே?

அது பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். இரவில் கரையேறி, மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போகும். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குஞ்சுகள் வெளியே வந்து எங்கே வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். முன்பு அது கடல். இப்போது தெருவிளக்கு. 1988-இலிருந்து மாணவர்கள் குழுவாக நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவிரவாக நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் பொரிக்க வைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிப் பிள்ளைகள் தூக்கத்தை விட்டுச் செய்கிற வேலை அது.

அந்த மாதங்களில் நாங்கள் நன்றாக விடிந்த பிறகுதான் இறங்குவோம். மணலில் இரண்டு பக்கமும் துடுப்பு வைத்த மாதிரி ஒரு தடம் தெரிந்தால் அதன்மேல் நடக்காதீர்கள், கிளறாதீர்கள், சொல்லுங்கள். விளையாட்டுக்குத் தோண்டிய பள்ளம் இருந்தால் மூடுங்கள். ஆமை அதில் விழுந்தால் ஏற முடியாது. செத்த ஆமை ஒதுங்கியிருந்தால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவிப்போம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் அப்படி ஒதுங்கின. ஆமைக்கும் நம்மைப் போல மூச்சு விட மேலே வர வேண்டும். இழுவலையில் மாட்டிக்கொண்டால் மூழ்கிச் சாகும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முட்டை இருக்கும் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண்கள் அதிகம். வெப்பம் ஏறிக்கொண்டே போனால் ஆண் ஆமைகள் அரிதாகிவிடும்.

கடற்கரையில் மரம் நடலாமே?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கொஞ்சம் பயம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். காற்றைத் தடுக்கும், விறகாகும், சரி. ஆனால் அலை எட்டும் தூரத்துக்கு மிகப் பக்கத்தில் நட்ட இடங்களில் ஆமைக்கு முட்டையிட மணல் இல்லாமல் போனது, சருகு மூடியதில் கொடிகளும் போயின. பிச்சாவரத்தில் சுனாமியின் வேகத்தை அலையாத்திக் காடு தணித்தது என்பது உண்மை. அதற்காக அலையாத்தியை பெசன்ட் நகர் மணலில் நட முடியாது. அதற்குச் சேறும், ஏறி இறங்கும் கழிமுகத் தண்ணீரும் வேண்டும். மணலுக்கு மணலின் செடி. நடக்கூட வேண்டியதில்லை. நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டி, யாரும் மிதிக்காமல் இரண்டு மழைக்காலம் விட்டால் அடும்பு தானே படரும். நாங்கள் அப்படி ஒரு சின்ன இடத்தை விட்டு வைத்திருக்கிறோம், வந்தால் காட்டுகிறேன்.

மழை பெய்தால் நடக்குமா?

தூறல் என்றால் நடக்கும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் நடக்காது, கடற்கரைப் பக்கமே வர வேண்டாம். கூண்டு இறங்கி, குப்பத்தில் படகுகளையும் வலைகளையும் சரிபார்த்து முடித்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். வருடத்திலேயே அதிகக் குப்பை கிடக்கும் நாள் அது. அன்றைக்கு மட்டும் இரண்டு சாக்கு கூடுதலாக எடுத்து வாருங்கள்.